முயல் தானே காட்டும் மூலை

வீட்டுக்குள் முயல் வளர்ப்பவர்கள் பலர் செய்யும் தவறு, அது சிறுநீரும் புழுக்கையும் கழிப்பதற்கான கழிவுத் தட்டை நமக்கு வசதியான இடத்தில் வைத்துவிட்டு முயலை அங்கே இழுப்பது. நடக்காது. முதல் சில நாட்கள் அதைச் சிறிய இடத்தில் அடைத்து வைத்து, எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறது என்று பாருங்கள். தட்டு அந்த மூலைக்குத்தான் போக வேண்டும். பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். முயல் உள்ளே திரும்பி உட்கார இடம் இருக்கட்டும்.

அடியில் கிழித்த செய்தித்தாளை விரியுங்கள். பூனைகளின் கழிவுத் தட்டில் போடும், நனைந்தால் கட்டியாகும் மணல் வேண்டாம். முயல் அதைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் நனைந்த காகிதத்தையும் நாலைந்து புழுக்கைகளையும் தட்டிலேயே விட்டுவையுங்கள். அந்த வாசனைதான் அதற்கு முகவரி.

இனி முக்கியமானது: தட்டின் ஒரு முனையில் உலர்புல்லைக் குவியுங்கள். முயலுக்குத் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் உண்டு. நமக்கு முகம் சுளிக்கும். அதற்கு அதுதான் சௌகரியம். என் அனுபவத்தில் பாதி வேலை இந்தப் புல்லாலேயே முடிந்தது.

வெளியே சிந்தினால் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். அதட்டினால் பயந்து ஒளியுமே தவிரக் கற்றுக்கொள்ளாது. வயதுக்கு வந்த முயல் திடீரென்று எல்லா இடத்திலும் சிறுநீரைப் பீய்ச்சினால், அது எல்லை குறிக்கிறது. கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதன் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.