டிக்கெட் எடுக்காம மார்கழி கச்சேரி கேக்குறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது, வீட்ல யாரும் பாட்டு கத்துக்கல, சென்னையில பெரம்பூர் ஆளு. கர்நாடக சங்கீதக் கச்சேரி நடத்துற சபான்னா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு கார்ல வந்து எறங்குறவங்களுக்கான எடம், நமக்கு அங்க என்ன வேலைன்னு தான் ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். ஆபீஸ்ல ஒரு அக்கா டிசம்பர் லீவுல ஒரு நாள் மத்தியானம் இழுத்துட்டு போனாங்க, வாசல்ல காசு கேப்பாங்கன்னு பர்சை கையில எடுத்து வச்சிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, நேரா உள்ள போய் ஏசியில உக்காந்தோம். அன்னைலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் போறேன், டிக்கெட்டுக்குன்னு செலவு பண்ணது மொத்தமா மூணு தடவை இருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். பெரும்பாலான சபாவுல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடி நடக்குற கச்சேரி எல்லாம் ஃப்ரீ. பேர் எடுத்த வித்வானுங்க சாயங்கால ஸ்லாட், அதுக்குத்தான் டிக்கெட். பன்னெண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் பாடுறது வளர்ந்து வர்ற பசங்க. நாலு வருஷம் கழிச்சு இதே பசங்களத்தான் நீங்க காசு குடுத்து கேக்கப் போறீங்க, அதுவும் பதினஞ்சாவது வரிசையில உக்காந்து. மத்தியானம் போனா ரெண்டாவது வரிசை கிடைக்கும், அவங்களும் அந்த ஒன்றரை மணி நேரத்துல உயிரைக் குடுத்துப் பாடுவாங்க. என்னைக் கேட்டா சீசன்ல நல்ல ஸ்லாட்டே இதுதான்.

எங்க போறதுன்னா, டிடிகே ரோடுல மியூசிக் அகாடமி, கொஞ்ச தூரத்துல அதே ரோடுல நாரத கான சபா, தி.நகர்ல வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும், மயிலாப்பூர்ல கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவன், இன்னும் கல்யாண மண்டபத்தை எல்லாம் சபாவா மாத்தி வச்சிருப்பாங்க. எங்க ஏரியாவுலேர்ந்து 29சி ஏறினா ஜெமினி, ஸ்டெல்லா மேரிஸ், லஸ்னு ஒரே பஸ், ஆனா மெட்ரோ வேலை நடக்குற எடத்துல ரூட்டை மாத்தி விட்டா நான் பொறுப்பில்ல, அரை மணி நேரம் முன்னாடியே கெளம்புங்க. மயிலாப்பூருக்கு மட்டும்னா பறக்கும் ரயில்ல திருமயிலை ஸ்டேஷன்ல எறங்கிடுங்க, தலைவலி இல்ல.

ஒரே நாள்ல நாலு சபா ஓடலாம்னு ப்ளான் போடாதீங்க, முதல் வருஷம் நான் அதைத்தான் பண்ணேன், பாதி நாள் ஆட்டோவுல போச்சு. ஒரு சபாவுல பன்னெண்டு மணிக்கு உள்ள போனா ரெண்டாவது கச்சேரியும் அங்கயே முடிச்சுட்டு வெளிய வாங்க. யாரு எப்போ பாடுறாங்கன்னு சபா வெப்சைட்ல போட்ருவாங்க, பேப்பர்லயும் அன்னன்னைக்கு வரும். சபா வாசல்ல கத்தையா நோட்டீஸ் வச்சிருப்பாங்க, அடுத்த சபாவோட நோட்டீஸும் சேர்த்து ஒண்ணு எடுத்துக்குங்க. நான் பாடகர் பேரைப் பாத்து போறதில்ல, மிருதங்கம் யாருன்னு பாத்து போறேன், அது என் பைத்தியம், விடுங்க.

உள்ள போனதும் ஓரமா நடைபாதை பக்கத்து சீட்டுல உக்காருங்க. முன்வரிசை சில சபாவுல மெம்பருங்களுக்கு, சீட்டு மேல பேப்பர் ஒட்டியிருக்கும், பாத்துட்டு உக்காருங்க. ஒரு சால்வையோ ஃபுல் ஹேண்ட் சட்டையோ கட்டாயம், வெளிய வெயில் அடிக்கும், உள்ள ஏசி எலும்பு வரைக்கும் ஏறும், பக்கத்து சீட்டு பாட்டி ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுக்கிட்டு உங்கள பாவமா பாப்பாங்க. போனை சைலன்ட்ல போட்டா பத்தாது, அலாரத்தையும் ஆஃப் பண்ணுங்க, நடு ஆலாபனையில (ராகத்தை வார்த்தை இல்லாம இழுத்துப் பாடுறது) என் மாத்திரை அலாரம் அடிச்சு மொத்த ஹாலும் திரும்பிச்சு, இன்னும் மறக்கல. எந்திரிக்கணும்னா ஒரு பாட்டு முடிஞ்சு கைதட்டுறப்போ எந்திரிங்க. நாலு மணிக்கு முன்னாடி ஹாலை காலி பண்ணச் சொல்லுவாங்க, டிக்கெட் கச்சேரி ஆரம்பிக்கணும்ல, பையைப் போட்டு சீட்டு புடிச்சு வச்சா எல்லாம் செல்லாது, நான் ட்ரை பண்ணி அசிங்கப்பட்டிருக்கேன்.

இப்போ ஒண்ணுமே தெரியாதவன் எப்படி கேக்குறது. முதல்ல வர்ணம், அது வார்ம்அப் மாதிரி. அப்புறம் ரெண்டு மூணு சின்ன உருப்படி, அதாவது பாட்டு. அப்புறம் ஒரு ராகத்தை வார்த்தை இல்லாம ரொம்ப நேரம் இழுத்துப் பாடுவாங்க பாருங்க, வயலின்காரர் அதையே திருப்பி வாசிப்பாரு, அப்போ கச்சேரியோட மெயின் பாட்டு வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த பாட்டுலயே ஒரு வரியை புடிச்சு விதவிதமா பாடினா நிரவல், ஸரிகமன்னு பொழிஞ்சா ஸ்வரம், கடைசியில பாட்டை நிறுத்திட்டு மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ தனியா மோதிக்கும், அதுதான் தனி. தனி ஆரம்பிச்ச உடனே பாதி ஹால் எந்திரிச்சு கேன்டீனுக்கு ஓடும், தயவுசெஞ்சு நீங்க ஓடாதீங்க, அந்த மனுஷன் அவ்வளவு நேரம் அடுத்தவங்களுக்கு வாசிச்சுட்டு தனக்குன்னு கிடைச்ச பத்து நிமிஷம் அது. அப்புறம் துக்கடான்னு சின்ன சின்னதா பாட்டு வரும், தமிழ் பாட்டு நெறைய இங்கதான் மாட்டும், மங்களம் பாடினா கதை முடிஞ்சுது.

தாளம் போட ஆசைன்னா ஆதி தாளம் மட்டும் கத்துக்குங்க, நெறைய பாட்டு அதுலதான் ஓடும். தொடையில ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்னு மூணு எண்ணணும், அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு, மொத்தம் எட்டு. பாட்டு சில சமயம் தட்டோட சேர்ந்து ஆரம்பிக்காது, குழம்பிடாதீங்க, முன்சீட்டு மாமாவோட கையை பாத்து காப்பி அடிங்க, நான் இன்னும் அதைத்தான் பண்றேன். ராகம் என்னன்னு பக்கத்துல இருக்குறவங்ககிட்ட மெதுவா கேக்கலாம், அதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்பாங்க, பேர் மட்டும் சொல்லிட்டு விட மாட்டாங்க, எழுபதுகள்ல அதே ராகத்தை யாரு எந்த சபாவுல எப்படி பாடினாங்கங்குற வரைக்கும் வரும்.

காசு போற எடம் கேன்டீன். கச்சேரி ஃப்ரீயா கேட்டுட்டு வெளிய வந்தா அடை அவியல், கீரை வடை, அசோகா அல்வான்னு வாசனை தூக்கும், வெலை ஒண்ணும் கம்மி இல்ல. மத்தியான இலை சாப்பாடுக்கு ஒரு மணிக்கு மேல போனா சாப்பிடுறவங்க சீட்டுக்குப் பின்னாடி நின்னுட்டு அவங்க எப்போ மோர் சாதத்துக்கு வருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கணும். பதினொன்னரைக்கே சாப்பிட்டுட்டு உள்ள போயிடுங்க, தூக்கம் வரும், வரட்டும், பரவால்ல.

மியூசிக் அகாடமியில காலைல எட்டு மணிக்கு லெக்டெம்னு ஒண்ணு நடக்கும், ஒரு விஷயத்தை எடுத்து பாடிக் காட்டி பேசுவாங்க, அதுவும் ஃப்ரீ. 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு இசை மாநாடும் வச்சாங்க, அதுலேர்ந்து 1928ல பொறந்தது தான் இந்த அகாடமி, அதனால பேசுறதும் விவாதம் பண்றதும் அங்க ஆரம்பத்துலேர்ந்தே உண்டு. பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், அது ஒரு கஷ்டம்.

பாட்டு புரியல, எல்லாம் தெலுங்கா இருக்குன்னு கடுப்பாச்சுன்னா வண்டியை பாரிஸ் கார்னர் பக்கம் திருப்புங்க. ராஜா அண்ணாமலை மன்றத்துல தமிழ் இசைச் சங்கம் விழா நடக்கும், இதே கடுப்புல தான் 1943ல அந்த சங்கத்தையே ஆரம்பிச்சாங்க, அங்க தமிழ் பாட்டு தான். கூடவே பண் ஆராய்ச்சின்னு தேவாரத்துல வர்ற பண்களைப் பத்தி (பழைய தமிழ் ராகங்க) பேசுற கூட்டமும் உண்டு. ஹைகோர்ட் மெட்ரோவுல எறங்கி நடந்துடலாம். எங்க வடசென்னை ஆளுங்களுக்கு இதுதான் கிட்டக்க, ஆனா யாரும் போறதில்ல, ஏன்னு எனக்கு புரியல.

டான்ஸ் பாக்கணும்னா ஜனவரி முதல் வாரம் மியூசிக் அகாடமியிலயே நடன விழா இருக்கு. பொங்கல் சமயத்துல சென்னை சங்கமம், பார்க்கு, மைதானம்னு பறை, கரகாட்டம், தெருக்கூத்து எல்லாம் ஃப்ரீயா ஆடுவாங்க, 2007ல ஆரம்பிச்சு நடுவுல நின்னு போய் 2023ல திரும்ப வந்துச்சு. குழந்தைங்க இருந்தா சபாவை விட்டுட்டு நேரா இதுக்கே கூட்டிட்டு போங்க, ஓடலாம், கத்தலாம்.

அதுவும் தவறிப்போச்சா, பங்குனியில மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் திருவிழா. ராத்திரி சாமி பொறப்பாட்டுல மல்லாரின்னு ஊர்வல இசை வாசிக்கிற நாதஸ்வரத்தையும் தவிலையும் மைக்கே இல்லாம நாலடி தூரத்துல நின்னு கேக்கலாம், அறுபத்துமூவர் ஊர்வலம் அன்னைக்கு மட்டும் வேணாம், நசுங்கிடுவீங்க, மத்த நாள்ல மாட வீதி மூலையில நின்னா போதும். கோயிலுக்குள்ளயும் போறதா இருந்தா பழைய செருப்பா போட்டுட்டு வாங்க.