குடும்பத்தோடு சிங்கப்பூர்: எந்த ஃபிலிம் கேமரா?

ஒரு கையில் குழந்தை, மறு கையில் தண்ணீர் பாட்டில் என்றிருக்கும்போது, கையால் ஃபோகஸ் செய்யும் நிக்கான் எஃப்எம்2 கேமரா சரிவராது. லென்ஸோடு சுமார் 700 கிராம்; ஃபோகஸ் திருப்பி முடிப்பதற்குள் குழந்தை ஓடிவிடும். சட்டைப்பையில் அடங்கும் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2 போதும், சுமார் 200 கிராம்தான். மூடியைத் தள்ளித் திறந்தால் ஃபோகஸ் நடுத்தூரத்தில் தயாராக இருக்கும். ஓரிரு மீட்டர் தொலைவில் சிரிக்கும் முகத்துக்கு மட்டும் ஃபோகஸ் நெம்பைத் தலை உருவக் குறிக்கு (கிட்டத்தூரம்) நகர்த்துங்கள். மூடியை மூடினால் அது மீண்டும் நடுவுக்கே போய்விடும், மறக்க வேண்டாம்.

ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் பலவும் அகச்சிவப்புக் கதிரால் தூரம் அளப்பவை. பேருந்துக் கண்ணாடி வழியே எடுத்தால் கதிர் கண்ணாடியிலேயே திரும்பி, வெளிக்காட்சி மங்கிவிடும். எக்ஸ்ஏ2-வில் மலைக் குறியை (தொலைதூரம்) வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஃபிலிம் 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு), ஒரு நாளைக்கு 36 படம் கொண்ட ஒரு ரோல். போட்டதும் ஃபிலிமை முன்னோக்கிச் சுற்றிச் சோதியுங்கள்: இடப்பக்க ரீவைண்டு (பின்சுற்று) குமிழ் கூடவே சுழலாவிட்டால் ஃபிலிம் மாட்டவில்லை. எல்ஆர்44 பொத்தான் பேட்டரி இரண்டு கூடுதலாக வையுங்கள். அது தீர்ந்தால் ஷட்டர் இயங்காது.

விமான நிலைய சிடி ஸ்கேனர் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் பனி படியும். இருபது நிமிடம் பையிலேயே இருக்கட்டும்.