இருபத்தேழு கோரிக்கைகள்

திருப்பூருக்கு ஒரு பன்னாட்டுக் குழு வந்தபோது பனியன் தொழில்காரர்கள் நாங்கள் கொடுத்த மகஜரில் இருபத்தேழு கோரிக்கைகள் இருந்தன. வந்த அதிகாரி கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, “இதில் எந்த மூன்று முதலில்?” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பட்டியல் நீண்டால் கனம் கூடும் என்று நம்புவது ஒரு தவறு. அதைவிட மோசமானது, கதவு மாறித் தட்டுவது. எங்கள் முதல் கோரிக்கை நூல் விலை. பஞ்சு இறக்குமதிக்கு 2021-இல் 11 சதவீத வரி போட்டது டெல்லி. ஜெனிவாவில் இருக்கும் பன்னாட்டு அமைப்புகளோ மணிலாவோ அல்ல. மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி சாலைக்கும் குடிநீருக்கும் கடன் கொடுக்கும். ஆர்டரை ரத்து செய்த பையரைப் (நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தை) பற்றி அதனிடம் முறையிட்டு என்ன பயன்? இறக்குமதிச் சரக்கைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு ஐரோப்பா போடும் கார்பன் எல்லை வரியையும் எழுதியிருந்தோம். இரும்பு, சிமெண்ட், அலுமினியம் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் பனியனே இல்லை.

“ஓ.இ.சி.டி.யில் (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) இந்தியா உறுப்பினரே இல்லை, அவர்களோடு நமக்கென்ன பேச்சு?” என்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. எனக்குத் தெரிந்து இதுதான் நமக்கு அதிகம் செலவு வைக்கும் தவறு. 38 நாடுகளின் அந்த அமைப்பு 2017-இல் ஆடை, காலணித் தொழில்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சரக்கு கடந்துவரும் ஒவ்வொரு கட்டத்தையும் வாங்குபவர் விசாரித்தறிய வேண்டும் என்பது அதன் சாரம். சட்டமில்லைதான். ஆனாலும் பையரின் ஆடிட் கேள்வித்தாளில் அதன் சாயல் இருக்கிறது. கேள்விகள் கடைசியில் போய் நிற்பது பதினைந்து மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரரிடம். சனிக்கிழமைச் சம்பளத்துக்கே பில் பணத்தை எதிர்பார்த்து நிற்கிறவர், பதிவேடு எழுதத் தனியாக ஆள் வைப்பாரா? அவரைக் கூப்பிடாமலே முன்னுரிமை வகுத்திருந்தோம். ஆடிட் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இருபத்தேழில் ஒன்றாகக்கூட இல்லை.

சுற்றுச்சூழல் என்றதும் தலைகுனிந்து உட்காருவதும் தவறுதான். நொய்யல் ஆற்றை நாம் கெடுத்ததை மறைக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு, கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்புக்குக் கொட்டிய பணமும் நம்முடையதுதான். ஒரு கிலோ துணிக்குச் சாயக் கூலியில் சுத்திகரிப்புக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எங்களிடம் அன்று அந்தக் கணக்கு இல்லை.

அடுத்த மகஜர் ஒரே பக்கம். முதல் வரி ஆடிட் செலவு. அதை எழுதச் சொன்னவர் ஒரு பவர்டேபிள்காரர். கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்க வேண்டாம் என்றவரும் அவரே.