பழைய ஜிபிஎஸ் கடிகாரப் பெட்டியும் கணினியும்: எங்கே சறுக்குகிறோம்?

சிடிஎம்ஏ என்ற பழைய தொழில்நுட்பத்தில் இயங்கிய கைபேசி நிலையங்கள் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் இயங்கியாக வேண்டியிருந்தது. அதற்காக அவற்றில் ஜிபிஎஸ் கடிகாரப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். அந்த நிலையங்கள் கழிக்கப்பட்டபோது டிரிம்பிள் தண்டர்போல்ட், எச்பி இசட்3801ஏ போன்ற பெட்டிகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. உள்ளே, குட்டி அடுப்பில் வைத்ததுபோல் எப்போதும் ஒரே சூட்டில் காக்கப்படும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதன் அதிர்வைச் செயற்கைக்கோள் நேரத்தோடு ஒப்பிட்டு ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு சுற்றும் இருக்கிறது.

பெட்டியிலிருந்து மூன்று வெளியே வருகின்றன: 10 மெகாஹெர்ட்ஸ் அலை, வினாடிக்கு ஒரு துடிப்பு, சீரியல் போர்ட் வழியே தகவல். நான் பார்த்தவரையில் பாதித் தவறுகள் இந்த மூன்றில் எது எதற்கு என்று குழப்பிக்கொள்வதால் வருபவை. 10 மெகாஹெர்ட்ஸை எப்படியாவது உள்ளே கொடுத்துவிட்டால் கணினியின் கடிகாரம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. அது அளவீட்டுக் கருவிகளுக்கும் ரேடியோவுக்கும் உரியது. வினாடி எந்தக் கணத்தில் பிறக்கிறது என்பது அந்த அலைக்குத் தெரியாது.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்டர்போல்ட்டுக்கு +12, -12, +5 என மூன்று வோல்டேஜ் வேண்டும். இசட்3801ஏ தொலைபேசி நிலையத்து 48 வோல்ட்டில் ஓடுவது, சில பெட்டிகள் மட்டும் 24. விற்றவர் வார்த்தையை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்.

சீரியல் போர்ட்டில் நானே ஏமாந்திருக்கிறேன். தண்டர்போல்ட்டை இணைத்து, 9600 வேகத்தில் டெர்மினல் நிரலைத் திறந்தேன். திரை முழுக்கக் கிறுக்கல். பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டி இரண்டு நாள் அலமாரியில் போட்டுவிட்டேன். அது உயிரோடுதான் இருந்தது. டிஎஸ்ஐபி என்ற பைனரி மொழியில் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவே. லேடி ஹெதர் என்ற இலவச நிரலைத் திறந்ததும் எல்லாம் தெரிந்தது. பைனரி என்பதால் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் என்ற ஓட்டக் கட்டுப்பாட்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தகவலில் இயல்பாக வரும் சில பைட்டுகளைக் கணினி கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். இசட்3801ஏ வேறு ரகம். எழுத்தில் பேசும், ஆனால் தொழிற்சாலை அமைப்பில் ஆர்எஸ்-422 மின்முறையில், 19200 வேகத்தில், 7 பிட், ஒற்றைப்படைப் பாரிட்டியோடு (பிழை கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) பேசும். கணினி சீரியல் போர்ட்டின் வழக்கமான மின்முறையான ஆர்எஸ்-232 கேபிளைச் செருகிவிட்டு அது ஊமை என்று சொல்வது நியாயமில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: கணினி எழும்பும் நேரத்தில் சீரியல் போர்ட்டில் தகவல் ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸ் அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு திரையில் அம்புக்குறி பேய் பிடித்தாற்போல் பாயும். சாதன மேலாளரில் அந்த மவுஸை முடக்கினால் போதும்.

கணினியின் நேரம்தான் நோக்கமென்றால், உயிர்நாடி அந்த வினாடித் துடிப்பு. சீரியலில் வரும் தகவல் இது எந்த வினாடி என்று சொல்லும். அந்த வினாடி சரியாக எப்போது தொடங்கியது என்பதைத் துடிப்பின் முனைதான் சொல்லும். வழக்கமாக அதை ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டின் முதல் ஊசியான டிசிடியில் கொடுப்பார்கள். தண்டர்போல்ட்டின் துடிப்பு 10 மைக்ரோ வினாடிதான் நீளம். பல சீரியல் போர்ட்டுகள் அதைக் கவனிப்பதற்குள் அது முடிந்துவிடும். ஆகவே ஒரு 74எச்சி123 சில்லு கொண்டு அதை நீட்டுகிறோம். அடுத்த குழி அங்கேதான். துடிப்பை 100 மில்லி வினாடிக்கு நீட்டிவிட்டு, நடுவில் உள்ள மின்மட்ட மாற்றி அதைத் தலைகீழாக்குவதை மறந்தால், கணினி தொடக்க முனைக்குப் பதில் முடிவு முனையைப் பிடித்துக்கொள்ளும். எண்கள் எல்லாம் அழகாக, நிலையாக இருக்கும். கடிகாரம் மட்டும் சரியாக 100 மில்லி வினாடி தவறாக ஓடும். நிலையாக இருப்பதால் சந்தேகமே வராது. இணையம் வழியே நேரம் சொல்லும் என்டிபி சேவையகம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபடும்.

யூஎஸ்பி மாற்றி வழியே துடிப்பைக் கொடுப்பது இன்னொரு ஏமாற்றம். முழுவேக யூஎஸ்பியில் கணினி மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். நானோ வினாடிக் கணக்கில் திருத்தப்பட்ட துடிப்பை அங்கே கொண்டுபோய் மழுங்கடிப்பானேன்? உண்மையான சீரியல் போர்ட் இல்லையென்றால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையின் ஜிபிஐஓ ஊசி (வெளிச் சமிக்ஞைகளை நேராக இணைக்கும் ஊசி) நல்லது. ஆனால் அது 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் துடிப்பையோ ஆர்எஸ்-232 கம்பியையோ நேராகத் தொட்டால் பலகை போய்விடும்.

ஆன்டெனா கம்பியிலும் எச்சரிக்கை தேவை. தண்டர்போல்ட் அதில் 5 வோல்ட் அனுப்பி ஆன்டெனாவின் பெருக்கிக்கு உணவூட்டுகிறது. இரண்டு கருவிகளுக்கு ஒரே ஆன்டெனாவைப் பகிரும்போது, ஒரு பக்கம் மட்டுமே மின்சாரம் கொடுக்கும்படி மறுபக்கத்தில் டிசி தடுப்பு போட வேண்டும். முதல் நாளில் பெட்டி தன் இருப்பிடத்தைத் தானே அளந்து சராசரி எடுக்கும். அது முடிவதற்குள் ஆன்டெனாவை நகர்த்தாதீர்கள். தினமும் அணைத்து எழுப்பும் பழக்கமும் வேண்டாம், படிகம் அமைதியடைய நாட்கள் ஆகும்.

கடைசியாக, தேதி. ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாகச் சொல்கிறது; அந்த எண் 1024 வாரங்களில் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதைச் சமாளிக்கத் தண்டர்போல்ட் வைத்திருந்த கணக்கு 2017 ஜூலை 30 அன்று தீர்ந்துபோனது. அன்றிலிருந்து அது 1997 டிசம்பரிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. துடிப்புக்கும் 10 மெகாஹெர்ட்ஸுக்கும் இதனால் ஒன்றும் ஆகவில்லை. லேடி ஹெதர் தேதியைத் திருத்திக் காட்டும். கணினியில் நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிரல் ஓடினால், வினாடி எண்ணை இணையத்து என்டிபியிலிருந்தும், முனையை மட்டும் பெட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 18 வினாடி முன்னால் இருப்பதால் வரும் குழப்பமும் இதோடு ஒழிகிறது.