பச்சை லைட் எரியுது, பேக்கப் மட்டும் வரலை: வைஃபை ஹார்ட் டிஸ்க்கைப் படிப்படியாகச் சரிசெய்யும் முறை

கோத்தகிரியில் சித்தப்பா வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். போன ஐப்பசி மழையில் காத்திருந்தது பேக்கப். ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, அவருடைய லேப்டாப் வைஃபை வழியாகவே அதில் தினமும் நகலெடுத்துக்கொள்ளும்படி நான்தான் செய்து கொடுத்திருந்தேன்.

"ஏம்ப்பா, டிஸ்க்குல பச்சை லைட் எரியுது, வைஃபையும் ஃபுல்லா காட்டுது. ஆனா கடைசியா ஆவணியிலதான் பேக்கப் எடுத்ததா சொல்லுதே?" என்றார். இரண்டு மாதத் தேயிலைக் கணக்கும் பேத்தியின் காதுகுத்துப் படங்களும் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும் இருந்தன.

இப்படி நேர்ந்தால் பலரும் முதலில் கை வைப்பது லேப்டாப்பில்தான். மென்பொருளை நீக்குவார்கள், திரும்பப் போடுவார்கள், விண்டோஸையே மாற்றுகிறவர்களும் உண்டு. எடை போடும் இடத்துக்குப் பச்சை இலை வந்து சேரவில்லை என்றால் நாம் ஃபேக்டரி மெஷினையா கழற்றுவோம்? தோட்டத்திலிருந்து வண்டி கிளம்பியதா என்றுதானே கேட்போம். இங்கும் அதே முறைதான். டிஸ்க்கில் தொடங்கி ரவுட்டர், வைஃபை, கடைசியாகக் கணினி என்று வர வேண்டும். மலையில் நான் பார்த்தவரை பாதிக் கோளாறுகள் கணினி வரைக்கும் போவதே இல்லை.

தொடங்கும் முன்: தேதியைப் பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து அதன் சொந்த பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரிக்குப் போனால், கோப்புகள் கடைசியாக எப்போது நகலானது என்று எழுதியிருக்கும். மேக்கில் டைம் மெஷின் செட்டிங்ஸில் அதே விவரம் கிடைக்கும். அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த வாரத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புது ரவுட்டர் வந்ததா, வைஃபை பாஸ்வேர்டு மாறியதா, விண்டோஸ் அப்டேட் ஓடியதா, மேசையை நகர்த்தினீர்களா? "ஒண்ணும் மாத்தலையே" என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். சித்தப்பாவும் சொன்னார்.

படி 1: டிஸ்க்குக்குப் போதிய கரன்ட் போகிறதா?

டிஸ்க்கின் மேல் கையை வையுங்கள். உள்ளே சுழலும் தட்டின் லேசான அதிர்வு தெரிய வேண்டும். சும்மா இருக்கும்போது தானாகத் தூங்கிவிடும் டிஸ்க்குகளும் உண்டு. அதனால் ஒரு கோப்பைத் திறக்க முயன்றுகொண்டே தொட்டுப் பாருங்கள். அதிர்வே இல்லாமல் லைட் மட்டும் எரிந்தாலோ, 'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தாலோ கரன்ட் பற்றவில்லை என்று சந்தேகப்படலாம். டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கும் அதே சத்தம்தான் அடையாளம். எது என்பதை அடுத்த படி சொல்லிவிடும்.

கணக்கு இதுதான். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத சிறிய டிஸ்க், தட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 1 ஆம்பியர் வரைகூடக் கேட்கும். லைட் எரியத் துளி கரன்ட் போதும், தட்டு சுழல அது போதாது. அதனால் பச்சை லைட்டை நம்பாதீர்கள்.

சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான். மழைக்கு சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரன்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக ஆவணியில் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டியிருந்தார். நல்ல காரியம்தான். ஆனால் அது 12 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது மொத்தமே 12 வாட். ரவுட்டர் தனக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சம் டிஸ்க்குக்குப் போதவில்லை. "சித்தப்பா, ஒண்ணும் மாத்தலைன்னீங்களே?" என்றேன். "யூபிஎஸ் எல்லாம் ஒரு மாத்தமாப்பா?" என்றார்.

இதற்கு வழி, தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை வாங்கி ரவுட்டருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போடுவது. அல்லது தனக்கென அடாப்டரோடு வரும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்காக வாங்குவது. ரவுட்டரின் அடாப்டரையே மாற்ற நினைத்தால் வோல்ட் அச்சு அசலாக அதே எண்ணாக இருக்க வேண்டும், பின்னின் பிளஸ் மைனஸும் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. வோல்ட் கூடினால் ரவுட்டர் போய்விடும்.

பனிக்காலத்தில் ரூம் ஹீட்டர் போட்டதும் டிஸ்க் ஒரு நொடி அணைந்து எரிகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

படி 2: டிஸ்க்கை நேராகக் கணினியில் செருகுங்கள்

பிடுங்குவதற்கு முன் ரவுட்டரின் பக்கத்தில் டிஸ்க்கைப் பாதுகாப்பாக வெளியேற்றும் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் ரவுட்டரை அணைத்துவிட்டு எடுங்கள். பிறகு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். கேன்சல் செய்யுங்கள். டிஸ்க் கெட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. சில ரவுட்டர்களும் நெட்வொர்க் டிஸ்க்குகளும் லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளும், மேக்கில் எடுத்தது மேக் முறையில் இருக்கும். விண்டோஸுக்கு அந்த வடிவங்கள் புரியாது, அதனால் காலி டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. ஒரு கிளிக்கில் பழைய பேக்கப் எல்லாம் போய்விடும்.

டிஸ்க் திறந்தால் மூன்றைப் பாருங்கள். இடம் மிச்சம் இருக்கிறதா? டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ப் பிழை தேடுங்கள். கரன்ட் திடீரென்று போகிற ஊரில் இந்தச் சோதனை அடிக்கடி தேவைப்படும். அப்புறம் அதே ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ன, அதாவது டிஸ்க் எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. கல்யாண வீடியோ வரும் இடத்தில் பேக்கப் நின்றுபோவது அதனால்தான். எக்ஸ்ஃபேட் என்றால் பல ரவுட்டர்களுக்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸ் வீட்டுக்கு என்டிஎஃப்எஸ் நல்லது.

நேராகச் செருகியும் டிக் டிக் சத்தம் நிற்கவில்லையா? இனி வேறு டிஸ்க்தான் வாங்க வேண்டும். கீழே உள்ள படிகள் புது டிஸ்க்குக்கு உதவும்.

படி 3: இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா?

டிஸ்க்கைத் திரும்ப ரவுட்டரில் செருகிவிட்டு, லேப்டாப்பில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணைப் பாருங்கள். 192.168.1.7 என்பதுபோல் இருக்கும். ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகின்றன, சரி. லேப்டாப்பில் 192.168.0.7 என்று இருந்தால் நீங்கள் வேறு ரவுட்டரின் கீழ் இருக்கிறீர்கள். பின்கட்டுக்குச் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் மாட்டிய வீடுகளில் இது சகஜம். அப்போது டிஸ்க்கின் பெயர் பட்டியலில் வராது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். விருந்தினருக்கென விட்ட கெஸ்ட் வைஃபையில் உங்கள் லேப்டாப்பே போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கெஸ்ட் வைஃபையில் இன்டர்நெட் வரும், டிஸ்க் வராது. அதற்காகத்தானே அப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஃபைல் எக்ஸ்புளோரரின் மேல் பட்டையில் \\192.168.1.1 என்று தட்டுங்கள் (உங்கள் ரவுட்டரின் எண் எதுவோ அது). டிஸ்க்கின் ஃபோல்டர் திறந்தால் பாதை சரி. பெயரைத் தட்டினால் திறக்காமல் எண்ணைத் தட்டினால் திறக்கிறது என்றால், பேக்கப் அமைப்பிலும் எண்ணையே கொடுத்துவிடுங்கள். டிஸ்க் ரவுட்டரில் இல்லாமல் தனியாக நெட்வொர்க்கில் நிற்கும் வகை என்றால், ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் அதற்கு வேறு எண் விழலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதற்கு ஒரே எண்ணை நிரந்தரமாக்குங்கள்.

படி 4: கதவைத் திறக்க மறுக்கிறதா?

எண் சரி, டிஸ்க்கும் சுழல்கிறது, ஆனாலும் அனுமதி இல்லை என்று வருகிறதா? விண்டோஸில் உங்கள் வைஃபை 'பிரைவேட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் பக்கத்துக் கருவிகளைத் தேடாது. பாஸ்வேர்டு மாற்றியிருந்தால், கன்ட்ரோல் பேனலில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுங்கள்.

ரவுட்டர் பழையது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பரிமாற எஸ்எம்பி என்றொரு மொழி உண்டு. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அந்த முதல் பதிப்பை விண்டோஸ் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. ஆனால் பழைய ரவுட்டர்கள் சிலவற்றுக்கு அந்த மொழி மட்டும்தான் தெரியும். விண்டோஸில் அதைத் திரும்ப இயக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூட்டு துருப்பிடித்திருக்கிறது என்று கதவையே கழற்றி வைப்பதுபோல் ஆகும். ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் (அதனுள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் புது ரவுட்டர்தான்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இன்னும் கெடுபிடி. புரோ வகையில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை அது ஏற்காது. ரவுட்டரில் டிஸ்க்குக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள்.

மேக் வைத்திருப்போருக்கு: ரவுட்டரோ நெட்வொர்க் டிஸ்க்கோ டைம் மெஷினை ஆதரித்தால்தான் அந்தப் பட்டியலில் வரும். ஆதரிக்கவில்லை என்றால் எத்தனை முறை முயன்றாலும் வராது.

படி 5: நடுவில் நிற்கும் சுவர்

1 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை டிஸ்க்குக்குக் காப்பி செய்து நேரம் பாருங்கள். சித்தப்பா வீட்டில் 4 நிமிடம் ஆனது. அப்படியானால் 200 ஜிபிக்கு 800 நிமிடம், 13 மணி நேரத்துக்கு மேல். நடுவில் லேப்டாப்பை மூடினாலே அறுந்துவிடும். முதல் பேக்கப்பை மட்டும் லேன் கேபிளில் எடுங்கள். 100 எம்பிபிஎஸ் கேபிளிலேயே 200 ஜிபி சுமார் 5 மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு தினமும் மாறும் சில கோப்புகளுக்கு வைஃபை தாராளம்.

பழைய மலை வீடுகளில் கருங்கல் சுவர் முழங்கை நீளம் தடிமன் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் அப்படிப்பட்ட சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானது, தாண்டிவிடும். ஒரே அறை என்றால் 5, நடுவில் கல் சுவர் என்றால் 2.4. சுவரைவிட மோசம் ஸ்டீல் பீரோ. சித்தப்பா ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் "பார்க்க அசிங்கமா இருக்கு"ன்னு ஒளித்து வைத்திருந்தார். பீரோ மேலே எடுத்து வைத்ததும் அதே 1 ஜிபி ஒன்றரை நிமிடத்தில் போனது.

லேப்டாப் பவர் செட்டிங்ஸில், சார்ஜரில் இருக்கும்போது தூங்காதபடி வையுங்கள். மேக்கில் டிஸ்பிளே அணைந்தாலும் தூங்காதிருக்க ஒரு தேர்வு உண்டு.

படி 6: ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்

எல்லாம் முடிந்து அன்றைய தேதி விழுந்ததும் காபி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து, ஏதோ ஒரு சந்தேகத்தில், "எந்தக் கோப்பு போனா உங்களுக்குத் தூக்கம் வராது சித்தப்பா?" என்று கேட்டேன். இலைக் கணக்கு என்றார். ரெஸ்டோரில் தேடினால் அது இல்லை. இந்த மாதத்தது மட்டுமல்ல, எந்த மாதத்ததும் இல்லை.

ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகளையும்தான் எடுக்கும். சித்தப்பாவின் கணக்கு டி டிரைவில் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தது. அமைத்துக் கொடுத்த நாளில் நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து லைப்ரரியில் சேர்த்தேன். விண்டோஸ் 11 என்றால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டும். ரன் நவ் அழுத்தினேன். கணக்குக் கோப்பு ஒன்றை டிஸ்க்கிலிருந்து டெஸ்க்டாப்புக்கு எடுத்துத் திறந்து காட்டினேன்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டாசி வரவை வரி வரியாகப் பார்த்தார். "ஃபேக்டரிக்காரன் எனக்கு ஒரு வாரப் பாக்கி வெச்சிருக்கான்ப்பா" என்றார்.