மூன்றரை வட்டிக் கார்டு கடனிலிருந்து வெளியே வர

நூற்றுக்கு மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மதுரையில் விவரமான ஆள் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பல வங்கிகள் போடுவது அந்த மூன்றரை வட்டிதான். மாதம் 3.5 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழங்காநத்தத்தில் இருக்கும் என் அண்ணன் மகன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "அத்தை, மாசாமாசம் தவறாம நாலாயிரம் கட்டுறேன். எண்பதாயிரம் அப்படியே நிக்குது" என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 80,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,800. அதற்கு ஜிஎஸ்டி 504. ஆக 3,304. அவன் கட்டும் 4,000த்தில் அசலுக்குப் போவது 700 ரூபாய்கூட இல்லை. இதில் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அதனால் முதல் வேலை, கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது. பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். போனில் கடை ஆப்களில் சேமித்து வைத்திருந்தால் அங்கேயும் நீக்குங்கள்.

அடுத்து, அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுங்கள். வீட்டில் நகை இருந்தால் என் யோசனை வங்கி நகைக்கடன்தான். வருஷத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் அதே 80,000த்துக்கு மாதம் 667 ரூபாய். ஒரு வட்டிக்கும் கீழே. ஆனால் அடகு வைத்ததும் கார்டில் இடம் காலியாகிவிட்டதே என்று மறுபடி தேய்த்தால் இரண்டு கடனாகும், நகையும் ஏலத்துக்குப் போகும். கார்டுக்குக் கட்டிவந்த அதே 4,000த்தை மாதாமாதம் நகைக்கடனில் கட்டுங்கள். என் அண்ணன் மகன் அப்படித்தான் கட்டிவருகிறான்.

நகை இல்லையா? வங்கியை அழைத்து, பாக்கியை இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள். வட்டி குறையும், ஆனால் இல்லாமல் போகாது. பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். இன்னொரு கார்டுக்குப் பாக்கியை மாற்றுவது, சலுகைக் காலத்துக்குள் முழுசாக அடைக்க முடிகிறவர்களுக்கு மட்டும். பல கார்டுகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கும் மினிமம் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை வட்டி அதிகமுள்ள கார்டில் போடுங்கள்.

தயவுசெய்து கார்டை அடைக்கத் தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் போகாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே சட்டம் வந்தும், அதில் சிக்கிய குடும்பங்கள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன.

வட்டி அநியாயம் என்று வழக்குப் போடலாமே என்பார்கள். கார்டு வட்டி வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதை நம்பி உட்கார வேண்டாம்.

உண்மையிலேயே கட்ட வழியில்லை என்றால்தான் செட்டில்மென்ட். பாக்கியைவிடக் குறைவான ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்க வங்கி ஒத்துக்கொள்வது அது. ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பல வருஷம் நிற்கும், வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும். வங்கியின் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணம் கார்டு கணக்குக்கே போக வேண்டும், வசூலுக்கு வருகிறவரின் ஜிபே எண்ணுக்கு அல்ல.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்தவோ கூடாது. நடந்தால் தேதி, நேரம், எண்ணோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

முழுசாக அடைத்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கார்டே வேண்டாம் என்றால் மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லாதபோது 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.