பழைய இத்தாலிய பைக்கில் கை வைப்பதற்கு முன்: சின்ன எஞ்சின்காரர்கள் செய்யும் தவறுகள்

"125 சிசிதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பிரித்து மாட்டிவிடலாம்" என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் முக்கால்வாசி இந்த நினைப்பிலிருந்துதான் முளைக்கின்றன.

அந்தக் காலத்து இத்தாலியில் சின்ன எஞ்சின் என்றால் மலிவான எஞ்சின் என்று பொருள் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நாட்டில் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் எஞ்சின்களில்தான் எல்லாம் தொடங்கியது. ரேடியோ பாகங்கள் செய்துகொண்டிருந்த பொலோன்யாவின் டுகாட்டி, 1946-ல் தயாரிக்க ஆரம்பித்த குச்சோலோ வெறும் 48 சிசி. குச்சோலோ என்றால் நாய்க்குட்டி. அத்தனை சின்ன எஞ்சினே ஃபோர் ஸ்ட்ரோக், வால்வுகள் எஞ்சின் தலையில். அப்புறம் 1953-ல் மோட்டோ ஜிரோ வந்தது. நாள்கணக்கில் பொதுச்சாலையில் நாட்டைச் சுற்றி ஓடும் பந்தயம், சின்ன எஞ்சின் பைக்குகளுக்கு மட்டும். முதல் வருடம் ஜெயித்தது பெனெல்லி லியோன்சினோ 125-ல் வந்த லியோபோல்டோ தர்தரினி. அதில் ஜெயித்த பைக் மறுநாளே கடையில் விற்றது. அதனால்தான் மொரினி, பெனெல்லி, ஜிலேரா, எம்வி அகுஸ்தா, மொண்டியால் என்று ஆளாளுக்கு 125, 175 சிசிக்குள் பந்தய எஞ்சினின் மூளையை வைத்துக் கட்டினார்கள். 1954-ல் டுகாட்டிக்கு வந்த ஃபாபியோ தாலியோனி, அடுத்த வருடமே 100 சிசி கிரான் ஸ்போர்ட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை எஞ்சின் தலையில் வைத்து, அதைச் சுற்ற செங்குத்தாக ஒரு தண்டும் சாய்வுப் பல்சக்கரங்களும் போட்டார். மரியான்னா என்று செல்லப்பெயர் வாங்கிய பைக் அது. 1957-ல் மில்லே மிலியா கார் பந்தயத்தில் நடந்த கோர விபத்துக்குப் பிறகு அரசு சாலைப் பந்தயங்களை நிறுத்தியது, மோட்டோ ஜிரோவும் அதோடு நின்றது. எஞ்சின்கள் மட்டும் அதே வார்ப்பில் பல வருடம் தொடர்ந்தன.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

இருபது முப்பது வருடம் கொட்டகையில் கிடந்த பைக்கை வாங்கியதும் எல்லாரும் செய்வது, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி கிக்கரை உதைப்பது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தோஷம், வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவோம். டுகாட்டி சிங்கிள் (ஒற்றை சிலிண்டர்) மாதிரியான எஞ்சினில் இது பெரிய ஆபத்து. அதில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும்தான். வலையைத் தாண்டிப் போகும் நுண்ணிய அழுக்கைப் பிடிக்க, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்குக்கு உள்ளேயே ஒரு குழி வைத்திருப்பார்கள். கிராங்க் சுற்றும் வேகத்தில் அழுக்கு அதில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஆயில், பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் பேரிங்குக்குப் போகும். அந்தக் குழியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஒருநாள் நிறைந்து, ஆயில் போகும் துளையை அடைத்துவிடும். பேரிங் போகும், அதோடு ராடும் போகும்.

அந்தக் குழியின் மூடியை ஒருமுறை நீங்களே கழற்றிப் பாருங்கள். திருகு சுழலாமலிருக்க விளிம்பில் பஞ்ச் வைத்து அடித்திருப்பார்கள், அந்த இடத்தை மெல்லத் துளையிட்டு எடுத்தால்தான் அசையும். திறந்ததும் ஆயில் வழியாது. கம்பியை வளைத்துச் சுரண்டினால் தார் மாதிரி கெட்டியாக, சாம்பல் கலந்த கறுப்பில் ஒரு பசை வரும். விரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினால் பொடிப்பொடியாக அலுமினியம் மின்னும். அதைப் பார்த்த பிறகு யாரும் அவசரமாகக் கிக்கரை உதைக்க மாட்டார்கள். சுத்தம் செய்து மூடியை மாட்டும்போது லாக் பசை போட்டு மறுபடி பஞ்ச் அடிக்க மறக்காதீர்கள், ஓடும்போது அது கழன்றால் எஞ்சினே மிஞ்சாது. எஞ்சினைத் திறக்காமலே புது ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டுவதும் தவறுதான். இன்றைய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் சேர்மானம் உண்டு, பல வருடமாக உறைந்துகிடந்ததை அது பெயர்த்துவிட்டால் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் சுத்தம், அப்புறம் ஆயில்.

எஞ்சினைப் பிரிப்பவர்கள் செய்யும் தவறு, ஷிம்களைக் கலந்துவிடுவது. ஷிம் என்றால் மெல்லிய வாஷர், தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வித்தியாசப்படும். சாய்வுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஆழமாகக் கடிக்க வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. இறுக்கமாக இருந்தால் அரைத்துக்கொண்டு ஊளையிடும், தளர்ந்தால் தட்டும், பல் உடையும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, எது எங்கிருந்தது என்று யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஒவ்வொரு தண்டிலிருந்தும் கழற்றியதை அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து, பெயர் எழுதிக் கட்டிவையுங்கள். புது கேஸ்கெட் போட்டாலே உயரம் மாறும், அதனால் மாட்டும்போது மறுபடி அளந்துதான் ஆகவேண்டும். 1968-ல் வந்த டுகாட்டி மார்க் 3 டெஸ்மோவில், வழக்கமாக ஸ்பிரிங் செய்யும் வால்வை மூடும் வேலையையும் கேம்தான் செய்கிறது, அங்கே இந்த அளவுகள் இன்னும் கறார்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மோட்டோ குட்ஸி 1946-ல் கொண்டுவந்த 65, மக்கள் குட்ஸினோ என்று கொஞ்சியது, அது மாதிரி எஞ்சின்களுக்கு அந்தக் காலக் கையேடுகள் பெரும்பாலும் 5 சதவீத ஆயில் கேட்கும், அதாவது 20 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர். இன்றைய ஸ்கூட்டர் பழக்கத்தில் 2 சதவீதம் கலந்து, உள்ளே புஷ் பேரிங் இருக்கிறதா ரோலர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டினால் தேய்ந்துவிடும். இன்னொன்று, கிராங்க் ஆயில் சீல். பல வருடம் சும்மா கிடந்தால் ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் கத்தும். அதை கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டை நோண்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்த பிறகுதான் உண்மை தெரியும். கியர் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். இரண்டு சீலும் விலை அதிகமில்லை, எஞ்சினைத் திறக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டர் பெரும்பாலும் டெல்ஓர்ட்டோ நிறுவனத்துடையது. போல்ட் போட்டு மாட்டும் வகையில், லேசாகக் காற்று கசிகிறது என்று மேலும் மேலும் முறுக்குவார்கள். அந்த உலோகம் மெத்தென்றது, வளைந்துவிடும். வளைந்தால் உள்ளே ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு சிக்கும், ஆக்சிலரேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். வளைவில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்குவதும் வேண்டாத வேலை. 95 என்று எழுதியிருந்தால் துளை 0.95 மில்லிமீட்டர், வேண்டிய அளவு புதிதாகவே கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக் வாங்கும்போது மரையின் நீளம் பாருங்கள், குட்டை மரைத் தலையில் நீள மரை பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கும்.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். பல மாடல்கள் 6 வோல்ட், மெதுவாக ஓடும்போது விளக்கு மங்குவது அதன் இயல்பு, அதற்காக ஒயரிங்கை வெட்டிப்போட வேண்டாம். சேஸிஸுக்குப் புது பெயின்ட் அடித்த பிறகு எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் எர்த் பாருங்கள், பெயின்ட் கரண்ட்டைத் தடுக்கும். போல்ட் உட்காரும் இடத்தில் கொஞ்சம் சுரண்டிவிட்டால் போதும்.

இந்த பைக்குகளில் பெரும்பாலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், டுகாட்டி சிங்கிளில் முதல் கியர் மேலே. பழைய புல்லட் ஓட்டிய நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்கள் கூட்டமில்லாத இடத்தில் ஒரு மணி நேரமாவது பழகுங்கள், அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

பெயின்ட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இத்தாலியில் 'கொன்செர்வாத்தோ' என்பார்கள், அதாவது தொடாமல் அப்படியே காப்பாற்றிய பைக். டேங்கில் உள்ள ஒரிஜினல் ஸ்டிக்கர், மங்கிய சிவப்பு, முழங்கால் உரசித் தேய்ந்த இடம், இதெல்லாம் ஒருமுறை போனால் திரும்ப வராது. பளபளப்பாக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பொர்ரானி ரிம், வெலியா ஸ்பீடோமீட்டர், சிஇவி விளக்கு, சிலென்சியும் நிறுவன சைலென்சர், இந்த ஒரிஜினல் பாகங்களில் எது துருப்பிடித்துக் கிடந்தாலும் குப்பையில் போடாதீர்கள்.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். லியோன்சினோ என்று தேடினால் இன்றைய பெனெல்லியின் புது பைக்கும் வரும், பழைய 125-க்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. டுகாட்டி 250-ல் விலை அதிகமானது மாக் 1, அதே குடும்பத்து சாதாரண மோன்ஸாவுக்குத் தாழ்ந்த ஹேண்டிலும் சிவப்பு வெள்ளி பெயின்ட்டும் போட்டு மாக் 1 என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். 29 மில்லிமீட்டர் கார்புரேட்டர் இருக்கிறதா, உள்ளே வால்வு எவ்வளவு பெரியது என்று தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள்.

'லிப்ரெட்டோ' என்ற பதிவுப் புத்தகம் இல்லாமல் விலை குறைவாகக் கிடைத்தால், அந்தக் குறைவு பின்னால் அலைச்சலாகத் திரும்பி வரும். புத்தகம் இருந்தாலும் அதில் உள்ள சேஸிஸ் எண்ணை பைக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்ட்டுக்கு முன் மணல் அடிக்கக் கொடுக்கும்போது எண் உள்ள இடத்தில் நல்ல தடித்த டேப் சுற்றிக் கொடுங்கள். ஆழமில்லாமல் அடித்த எண் மணலில் தேய்ந்துபோனால், அனுமதியில்லாமல் நீங்களாகவே திரும்ப அடிப்பது சட்டப்படி குற்றம், அந்த பைக்கைப் பதிவு செய்ய நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கும் இடம் அதுதான்.